நினைவு நூலில் பிடித்த ஒரு குறும்புப் பக்கத்தை நாலு பேருக்கு வாசித்துக் காட்டுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

குமரி மாவட்டத்தில் இலக்கிய நினைவு நூல்களை வாசிக்கிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. புத்தகத்தில் வரும் ஊரும் தெருவும் பெரும்பாலும் பஸ் ஏறினால் போய்விடும் தூரத்தில் இருக்கும். பூதப்பாண்டியில் பிறந்த ஜீவா, தேரூர்க் கவிமணி, நாகர்கோவில் சுந்தர ராமசாமி, அழகியபாண்டியபுரத்துக் கிருஷ்ணன் நம்பி என்று, பழகியவர்கள் எழுதியும் சொல்லியும் வைத்த மனிதர்கள் இங்கே நிறையப் பேர். அப்படிப்பட்ட நூல்களில் கொள்கை பேசும் பக்கங்களைப் புத்தகத்தை மூடியதும் மறந்துவிடுகிறோம். ஒருவரின் கிறுக்கும் பிடிவாதமும் விளையாட்டும் தெரியவருகிற அரைப்பக்கம் மட்டும் மனதில் தங்கிவிடுகிறது. உடனே அதை யாருக்காவது படித்துக் காட்ட வேண்டும் என்று கை பரபரக்கும்.

படித்துக் காட்டினால் பல நேரம் யாரும் சிரிப்பதில்லை. காரணம் எளிது. நீங்கள் அந்தப் பக்கத்துக்கு வந்தபோது உங்களுக்குப் பின்னால் நாற்பது பக்கம் இருந்தது. அந்த மனிதரோடு அத்தனை தூரம் நடந்து வந்திருந்தீர்கள். கேட்கிறவருக்கு அது இல்லை. அந்த நாற்பது பக்கத்தை நாலு வரியில் கொடுப்பதும், எந்த இடத்தில் தொடங்கி எந்த இடத்தில் வாயை மூடுவது என்று முடிவு செய்வதும்தான் இங்கே முக்கால் வேலை. குரல், மைக், படம், வாட்ஸ்அப் எல்லாம் அதற்குப் பிறகு.

முதல் படி: தாங்குகிற பகுதியைத் தேர்ந்தெடுப்பது

புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, அந்தப் பகுதியை வீட்டில் ஒருவரிடம் உங்கள் வார்த்தையில் சொல்லிப் பாருங்கள். இரண்டு விதமாக நடக்கும். நீங்கள் சொன்னதற்கே அவர் சிரித்துவிட்டால் வேடிக்கை நிகழ்ச்சியில் இருக்கிறது. எப்படி வாசித்தாலும் ஓரளவு தாங்கும். சொன்னபோது சப்பென்று இருந்து, புத்தகத்தைத் திறந்து வாசித்ததும் சிரித்தால் வேடிக்கை எழுத்தாளரின் வாக்கியத்தில் இருக்கிறது. இந்த இரண்டாம் வகைதான் உண்மையில் பகிரத் தகுந்தது. ஆனால் அதில் ஒரு சொல்லைக்கூட மாற்றவோ சுருக்கவோ கூடாது. இரண்டிலும் சிரிப்பு வரவில்லையென்றால், அந்தப் பக்கம் உங்களுக்கு மட்டும் பிடித்தது. அதில் தவறில்லை, அதை மேடைக்குக் கொண்டுபோக வேண்டாம், அவ்வளவுதான்.

அளவு முக்கியம். தமிழ் உரைநடையை நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்குச் சுமார் 90 முதல் 100 சொற்கள் போகும். கூட்டத்தில் ஒரு வேடிக்கைப் பகுதி 3 நிமிடத்தைத் தாண்டினால் தொய்யும். ஆகவே 150 முதல் 300 சொற்கள். வழக்கமான நாவல் அளவுப் புத்தகத்தில் அது ஏறக்குறைய முக்கால் பக்கத்திலிருந்து ஒன்றரைப் பக்கம் வரை. வாட்ஸ்அப் குரல் பதிவென்றால் இன்னும் குறைத்து ஒன்றரை நிமிடத்தில் நிறுத்துங்கள்.

எந்த நூலில் தேடுவது? புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' வசதியானது. 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் வாராவாரம் வந்ததால் 122 சிறு அத்தியாயங்களாக இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனித் தலைப்பு, தனித் தொடக்கம். 1880இல் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரை அவர் சந்திக்கும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தாம் படித்த அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், உலாக்கள், கோவைகள் என்று இளம் ஆசிரியர் பெருமையோடு அடுக்கிக்கொண்டே போகிறார். எதிரே இருப்பவர் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. உ.வே.சா.வைப் பழைய காப்பியங்களின் பக்கம் திருப்பி, தமிழ்ப் பதிப்பு வரலாற்றையே திருப்பிய சந்திப்பு அது. எழுதியிருக்கும் விதமோ, தன்னைத் தானே மெல்லக் கிள்ளிப் பார்த்துக்கொள்கிற விதம். இம்மாதிரிப் பட்டியல் வரும் இடங்களை ஒரே சீரான வேகத்தில், எந்தப் பெயரையும் அழுத்தாமல் வாசிக்க வேண்டும். பட்டியல் நீள நீளத்தான் எதிராளியின் மௌனம் கனக்கும்.

சுந்தர ராமசாமியின் 'நினைவோடை' வரிசை வேறு வகை. ஜீவா, க.நா.சு., சி.சு. செல்லப்பா, கிருஷ்ணன் நம்பி முதலியவர்களைப் பற்றி அவர் சொல்லச் சொல்லப் பதிவு செய்து எழுத்தாக்கிய சிறு நூல்கள். பேச்சிலிருந்து வந்த நடை, அதனால் வாய்விட்டு வாசிக்கச் சுகமாக இருக்கும். ஆனால் பேச்சில் போலவே ஒரு விஷயம் நடுவில் விட்டுப்போய் இரண்டு பக்கம் கழித்துத் திரும்பி வரலாம். வெட்டும்போது கவனம் வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' நினைவு நூல் இல்லை. ஒரு பெண் தன் கதையைச் சொல்வதுபோல் கவிமணி எழுதிய அங்கதக் கவிதை நூல். தாராளமாக வாசிக்கலாம், சிரிப்புக்கும் குறைவிராது. 'கவிமணியின் அனுபவம்' என்று அறிமுகப்படுத்தாமல் இருந்தால் போதும்.

இரண்டாம் படி: தொடங்கும் இடம், நிறுத்தும் இடம்

விளக்குவதற்காக இந்த வழிகாட்டிக்கென்றே புனைந்த ஒரு பகுதி கீழே. எந்தப் புத்தகத்திலும் இது இல்லை.

"அண்ணாச்சி நடத்திய கையெழுத்துப் பத்திரிகைக்கு ஒரே ஒரு பிரதிதான். வடசேரியில் தொடங்கி வீடு வீடாகப் போய்க் கோட்டாற்றில் முடியும். போகிற வழியில் யார் வீட்டிலோ அதன்மேல் பழம்பொரி வைத்துத் தின்றிருப்பார்கள். அட்டைப்படத்தில் எண்ணெய் ஏறித் தனி அழகு வந்திருக்கும். வருகிற கவிதைகளில் பாதி, அண்ணாச்சியே வேறு பெயரில் எழுதியவை. ஒருமுறை அவற்றில் மூன்றைத் 'தரம் போதாது' என்று ஒரு வரி எழுதி, தபால்தலை ஒட்டி, அந்தப் புனைபெயருக்குத் தம் வீட்டு முகவரியிலேயே திருப்பி அனுப்பினார். மறுநாள் தபால்காரர் கொண்டுவந்தார். அண்ணாச்சி திண்ணையில் உட்கார்ந்து பிரித்துப் படித்தார். முகம் கறுத்துவிட்டது. 'இவனுக்கெல்லாம் கவிதையைப் பத்தி என்ன வேய் தெரியும்?' என்றார். அடுத்த இதழில் ஆசிரியர் பெயர் இருக்கும் இடம் காலியாக இருந்தது."

இதில் கேட்கிறவருக்குக் கட்டாயம் தெரிய வேண்டியவை இரண்டே செய்திகள்: பத்திரிகையின் ஆசிரியர் அண்ணாச்சி, கவிதை எழுதியவரும் அண்ணாச்சி. இந்த இரண்டும் தெளிவாகாமல் தபால்காரர் வந்தால் ஒன்றும் புரியாது. ஆகவே 'ஒருமுறை அவற்றில் மூன்றை' என்ற இடத்தில் தொடங்க முடியாது. பழம்பொரி வரி கதைக்குத் தேவையில்லை. ஆனாலும் அதை வைத்துக்கொள்ளுங்கள். அந்த வரியில்தான் கேட்கிறவர், 'இது சிரிக்கலாம் போலிருக்கிறது' என்று முதல் அனுமதி பெறுகிறார். முதல் சிரிப்பு சிறியதாக, சீக்கிரம் வந்துவிட வேண்டும். அது வராமல் கடைசி வரியில் பெரிய சிரிப்பு வருவது அபூர்வம்.

முடிவுதான் பலரும் சறுக்கும் இடம். இப்படி ஒரு பகுதிக்குப் பின் நினைவு நூலாசிரியர்கள் வழக்கமாக ஒரு பத்தி சிந்திப்பார்கள்: எழுதுகிறவனுக்குள் இரண்டு பேர் இருக்கிறார்கள், ஒருவரையொருவர் மன்னிப்பதில்லை என்கிற மாதிரி. தனியாக வாசிக்கும்போது அந்தப் பத்தி நன்றாகவே இருக்கும். வாய்விட்டு வாசித்தால் அது சிரிப்பின்மேல் தண்ணீர் ஊற்றிவிடும். 'காலியாக இருந்தது' என்பதோடு புத்தகத்தை மூடுங்கள். கடைசி வரியிலேயே வினைமுற்று விழுந்து முடிகிற இடம் எப்போதும் நல்ல நிறுத்தம். தமிழில் வினை கடைசியில் வருவதால், பெரும்பாலும் நையாண்டியின் அடியும் அங்கேதான் விழும்.

நடுவில் எதையாவது விட்டால், அச்சில் மூன்று புள்ளி போடுங்கள். வாசிக்கும்போது சொல்ல வேண்டியதில்லை. இரண்டு இடத்துக்கு மேல் வெட்ட வேண்டி வந்தால் அந்தப் பகுதி சரியில்லை என்று அர்த்தம். வேறு எடுங்கள். வெட்டிய இடத்தை ஒட்டவைக்கச் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதிச் சேர்ப்பது கூடவே கூடாது. நாளைக்கு அந்த வாக்கியம் எழுத்தாளர் பெயரில் ஊர் சுற்றும்.

மூன்றாம் படி: நாலு வரி அறிமுகம்

எழுதி வைத்துக்கொள்ளுங்கள், நின்ற இடத்தில் யோசித்தால் நாலு வரி நாலு நிமிடமாகிவிடும். வரிசை இப்படி: நூலின் பெயரும் ஆசிரியரும், இந்தப் பகுதி யாரைப் பற்றியது, அவர் நூலாசிரியருக்கு என்ன வேண்டும், எந்த ஊர், எந்தக் காலம், தெரியாமல் போனால் புரியாமல் போகிற ஒரே ஒரு செய்தி. மேலே உள்ள மாதிரிக்கு அந்தச் செய்தி, கையெழுத்துப் பத்திரிகை என்றால் என்ன என்பது. அச்சடிக்காமல் கையாலேயே எழுதிச் சுற்றுக்கு விடுவது. இருபது வயதுக்காரர்கள் இருக்கும் கூட்டத்தில் இதைச் சொல்லாமல் விட்டால், 'ஒரே ஒரு பிரதி' என்ற முதல் வரியே விளங்காது.

சொல்லக் கூடாதவை: 'ரொம்ப வேடிக்கையாக இருக்கும், கேளுங்கள்.' 'நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.' இப்படிச் சொன்னதும் கேட்கிறவர் கையைக் கட்டிக்கொண்டு, 'எங்கே சிரிக்க வை பார்ப்போம்' என்று உட்கார்ந்துவிடுவார். எழுத்தாளரின் விருதுப் பட்டியலும் வேண்டாம். 'சாகித்திய அகாதெமி' என்ற சொல் காதில் விழுந்ததும் ஆட்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்; நிமிர்ந்து உட்கார்ந்தவர் அவ்வளவு லேசில் சிரிப்பதில்லை.

நான்காம் படி: ஊர்ப்பேச்சு

நாஞ்சில் நாட்டுக்காரர் எழுதிய நினைவு நூலில் 'வேய்', 'மக்கா', 'சவம்', 'பொறவு', 'கொள்ளாம்' எல்லாம் வந்துகொண்டே இருக்கும். நாகர்கோவிலிலோ தக்கலையிலோ வாசித்தால் இவற்றுக்கு விளக்கம் எதுவும் வேண்டாம், விளக்கினால் கோபித்துக்கொள்வார்கள். வெளியூர்க் குழுவுக்கு அனுப்பும்போது மட்டும், அறிமுகத்திலேயே அதிகபட்சம் இரண்டு சொல்லுக்குப் பொருள் சொல்லிவிடுங்கள். நடுவில் நிறுத்தி விளக்கக் கூடாது. 'சவம்' என்பது இங்கே செல்லத் திட்டு என்று தெரியாமல் ஒரு கோயம்புத்தூர்க்காரர் கேட்டால், யாரோ இறந்துபோனதாக நினைத்து மீதிக் கதை முழுக்கத் துக்கத்தோடு கேட்பார்.

மாவட்டத்தின் மேற்கே விளவங்கோடு, கல்குளம் பக்கத்துக்காரர்களின் பேச்சில் மலையாள ராகம் கூடுதல். அவர்கள் நாஞ்சில் நாட்டு உரையாடலை வாசிக்கும்போது நாகர்கோவில் பேச்சை நடிக்க முயல வேண்டாம். தன் ஊர் ராகத்திலேயே வாசித்தால் இயல்பாக இருக்கும். நடித்தால் சினிமாக் காமெடியாகிவிடும். கதை சொல்லும் வரிகளை எழுதியிருக்கிறபடியே நிதானமாகவும், மேற்கோளுக்குள் வரும் பேச்சை மட்டும் பேச்சு வேகத்திலும் வாசியுங்கள். இந்த வேக வித்தியாசமே போதும், குரலை மாற்ற வேண்டியதில்லை.

ஐந்தாம் படி: பென்சில் குறியும் ஒத்திகையும்

புத்தகத்திலிருந்து நேராக வாசிக்காமல், பகுதியை ஒரு தாளில் 16 புள்ளி எழுத்தளவில், வரிகளுக்கிடையே நல்ல இடைவெளி விட்டு அச்செடுத்துக்கொள்ளுங்கள். புத்தகம் பக்கத்தில் இருக்கட்டும். கடைசியில் அட்டையைக் காட்டத் தேவைப்படும். தாளில் சிறு நிறுத்தத்துக்கு ஒரு சாய்கோடு, ஒரு மூச்சு நிறுத்தத்துக்கு இரண்டு:

அண்ணாச்சி திண்ணையில் உட்கார்ந்து பிரித்துப் படித்தார். // முகம் கறுத்துவிட்டது. / 'இவனுக்கெல்லாம் கவிதையைப் பத்தி என்ன வேய் தெரியும்?' என்றார். // அடுத்த இதழில் ஆசிரியர் பெயர் இருக்கும் இடம் / காலியாக இருந்தது.

இரட்டைக் கோடு எங்கே விழுந்திருக்கிறது என்று கவனியுங்கள். 'படித்தார்' என்பதற்குப் பின் கேட்கிறவருக்கு ஒரு கணம் வேண்டும், தான் எழுதியதைத் தானே திருப்பி அனுப்பித் தானே வாங்கிப் படிக்கிறார் என்பது உறைப்பதற்கு. அந்தக் கணத்தைக் கொடுக்காமல் ஓடினால் சிரிப்பு அடுத்த வரியின் தலையில் விழும், 'முகம் கறுத்துவிட்டது' யார் காதிலும் விழாது. சிரிப்பு வந்துவிட்டால் அது பாதியாக இறங்கும்வரை காத்திருங்கள். முழுக்க அடங்கும்வரை காத்திருந்தால் சூடு ஆறிவிடும்.

ஒத்திகையில் மூன்று தடவை வாய்விட்டு வாசித்தால் போதும். முதல் தடவை நாக்கு தடுக்கும் இடங்களைக் கண்டுபிடிக்க. இரண்டாவது குறிகள் போட. மூன்றாவது போனில் பதிவு செய்து கேட்க. அதற்குமேல் போனால் மனப்பாடமாகிவிடும், வாசிப்பு ஒப்புவிப்பாக மாறும். நீங்களே சிரித்துவிடுவீர்கள் என்று பயமிருந்தால், அந்த வரியில் கண்ணைத் தாளைவிட்டு எடுக்காதீர்கள். வாசிக்கிறவர் முகம் எவ்வளவு சாதாரணமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. நூலாசிரியர் சிரித்துக்கொண்டு எழுதவில்லை.

கூட்டமாக வாசிப்பதானால்

பத்திலிருந்து இருபது பேர் வரை மைக் இல்லாமல் சமாளிக்கலாம், அறை அமைதியாக இருந்தால். குமரியில் அந்த அமைதி சும்மா கிடைக்காது. ஜூனில் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை, அக்டோபர் நவம்பரில் வடகிழக்கு என்று இரண்டு மழையும் இங்கே உண்டு. தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ போட்ட மாடி அரங்கில் மழை தொடங்கினால் வாசிப்பை நிறுத்திச் சாயா குடிக்கப் போய்விடுவதே புத்திசாலித்தனம். கத்தி வாசிக்கப்பட்ட நையாண்டி யாருக்கும் உறைப்பதில்லை. அந்த மாதங்களில் கான்கிரீட் கூரை உள்ள கீழ்த்தள அறையைக் கேளுங்கள். கோயில் கொடை, தேவாலயத் திருவிழா நாட்களில் குழாய் ஸ்பீக்கர் எந்தப் பக்கம் பார்த்துக் கட்டியிருக்கிறது என்று முதல் நாளே பார்த்துவிடுவதும் நல்லது. மின்விசிறிக்கு நேர் கீழே நிற்காதீர்கள்; தாளும் பறக்கும், குரலும் சிதறும்.

நிகழ்ச்சியில் உங்கள் இடம் எது என்பதும் முக்கியம். முதலாவதாக வாசிக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆட்கள் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பார்கள். அஞ்சலி உரைக்கு அடுத்ததாகவும் வேண்டாம். கனமான ஒரு கட்டுரைக்குப் பின், சாயாவுக்கு முன் என்றால் மிகவும் நல்லது. மேற்கே குலசேகரம், திருவட்டாறு பக்கம் திரும்ப வேண்டியவர்கள் இருந்தால் கடைசி அரை மணியில் பாதிப் பேர் பஸ் நேரத்தைத்தான் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

குரல் பதிவுக்குப் போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். நேர் எதிரே வைத்தால் ப வரும் இடமெல்லாம் மூச்சு வெடிக்கும். ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் ஆடிக் காற்றில் திறந்த வெளியில் பதிவு செய்யவே முடியாது. முப்பந்தலில் காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. கடற்கரை ஊர்களிலும் அப்படித்தான். துணி நிறைந்த ஓர் அறையில், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பதிவு செய்தால் எதிரொலியும் இராது. வாட்ஸ்அப்பில் பலர் ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்பார்கள். உங்கள் இரட்டைக் கோட்டு நிறுத்தங்கள் சுருங்கிவிடும். அதனால் பதிவில் மட்டும் அவற்றைக் கொஞ்சம் நீட்டி விடுங்கள்.

எழுத்தில் பகிர்வதானால்

பக்கத்தைப் போட்டோ எடுத்து அப்படியே அனுப்புவது எளிது, ஆனால் கட்டைவிரல் நிழலோடு வரும் பக்கத்தை யாரும் பெரிதாக்கிப் படிப்பதில்லை. தட்டச்சு செய்வதே மேல். கூகுள் லென்ஸ் வைத்து எழுத்தை எடுத்தால் நேரம் மிச்சம். ஆனால் சரிபார்க்காமல் அனுப்பக் கூடாது. வழக்கமாகத் தவறுகிற இடங்கள் இவை: 'ர' என்ற எழுத்தும் துணைக்காலும் ஒன்றுக்கு மற்றொன்றாக மாறும்; புள்ளிகள் விழுந்துபோகும்; எ–ஏ, ஒ–ஓ குழம்பும்; வரி முடிவில் உடைந்த சொல் இரண்டாகவே நிற்கும். 1978இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வருவதற்கு முன் அச்சான புத்தகமென்றால் ணை, லை, ளை, னை, ணா, றா, னா ஆகியவை பழைய வடிவில் இருக்கும். அந்த இடங்களில் எந்த எழுத்து வந்து உட்காரும் என்று சொல்லவே முடியாது. அவற்றைக் கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும். 'கௌ' என்பதற்குப் பதில் கொம்பு, க, ள என்று மூன்றாகத் தட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். பார்வைக்கு ஒன்றாகத் தெரியும், பின்னால் தேடினால் கிடைக்காது.

பழைய பி.டி.எஃப். கோப்புகளிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் புரியாத ஆங்கில எழுத்துக் குவியல் வருவது, அந்தக் கோப்பு யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தயாரானதால். எந்த எழுத்துரு என்று தெரிந்தால் மாற்றியில் போட்டு மீட்கலாம். 200 சொற்களுக்கு அவ்வளவு சிரமப்படுவதைவிடத் திரும்பத் தட்டச்சு செய்துவிடலாம்.

வாட்ஸ்அப்பில் நட்சத்திரக் குறி தடித்த எழுத்தாகவும், அடிக்கோடு சாய்வெழுத்தாகவும் மாறும். மூலத்தில் அடிக்குறிப்புக்கு நட்சத்திரம் இருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் பாதிப் பத்தி தடித்துப்போகும். அறிமுகத்துக்கும் மேற்கோளுக்கும் இடையே ஒரு வரி காலியாக விடுங்கள். எது உங்கள் எழுத்து, எது நூலாசிரியருடையது என்று ஒரே பார்வையில் தெரிய வேண்டும்.

படமாகச் செய்வதானால் 1080க்கு 1350 பிக்சல் அளவில் ஒரு படத்துக்கு 60 சொல்லுக்கு மேல் வேண்டாம். வரி இடைவெளி எழுத்தளவைப் போல ஒன்றரை மடங்கு. இரு ஓரமும் சமமாக்காதீர்கள். தமிழ்ச் சொற்களின் நீளத்துக்கு நடுவில் பெரும் பள்ளங்கள் விழும். நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற எழுத்துரு கண்ணுக்கு இதமானது. சில செயலிகளில் கொம்பு தனியாகப் பிரிந்து நிற்கும். 'கொண்டு', 'சௌகரியம்', 'ஸ்ரீ' என்ற மூன்று சொற்களை முதலில் தட்டிப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கடைசி வரி தனிப் படத்தில் வருமாறு பிரித்தால், வாசிப்பின் இரட்டைக் கோட்டுக்கு அதுதான் ஈடு.

பெயரும் உரிமையும்

எழுத்தாளர் பெயரை மேற்கோளின் மேலும் கீழும் இரண்டு இடத்திலும் போடுங்கள், படமென்றால் படத்துக்குள்ளேயே. தனியாகப் போட்ட பெயர் இரண்டாவது பகிர்வில் உதிர்ந்துவிடும், மூன்றாவதில் வேறொரு பிரபலத்தின் பெயர் ஒட்டிக்கொள்ளும். பக்க எண் பதிப்புக்குப் பதிப்பு மாறுவதால் அத்தியாயத் தலைப்பு, பதிப்பகம், பதிப்பு ஆண்டு ஆகியவற்றையும் சேர்த்தால்தான் தேடுகிறவருக்குக் கிடைக்கும்.

இந்தியாவில் பதிப்புரிமை ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். 1942இல் மறைந்த உ.வே.சா.வின் நூல்களும் 1954இல் மறைந்த கவிமணியின் நூல்களும் காலம் கடந்தவை. அத்தியாயம் முழுவதையும் தட்டச்சு செய்து போடலாம். 2005இல் மறைந்த சுந்தர ராமசாமிக்கு 2065 முடிய உரிமை இருக்கிறது. அப்படிப்பட்ட நூல்களிலிருந்து நியாயமான அளவு பகுதியைப் பொது இடத்தில் வாசிப்பதற்கும், விமர்சனத்துக்காக எடுத்துக்காட்டுவதற்கும் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. ஒன்றரைப் பக்கம் அதற்குள் அடங்கும் என்று வைத்துக்கொள்ளலாம். யூடியூபில் தொடராக வாசித்துப் போடுவது வேறு விஷயம். அதற்குப் பதிப்பகத்திடம் எழுதிக் கேளுங்கள். காலச்சுவடு நாகர்கோவிலிலேயே இருப்பதால் இங்கே உள்ளவர்களுக்கு நேரில் போய்க் கேட்பதுகூடச் சுலபம்.

குடும்பத்தார் முன்வரிசையில் இருந்தால்

நாவலில் வரும் ஆளுக்குச் சொந்தக்காரர் கிடையாது; நினைவு நூலில் வரும் ஆளுக்கு உண்டு. குமரி சின்ன மாவட்டம். தபாலில் தன்னையே நிராகரித்துக்கொண்ட அண்ணாச்சியின் பேரன் மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம். நூலாசிரியர் தன்னைத் தானே கேலி செய்யும் பகுதிக்கு இந்தச் சிக்கல் இல்லை, அதனால்தான் முதல் வாசிப்புக்கு அந்த வகை பாதுகாப்பானது. நண்பரைக் கேலி செய்யும் பகுதியென்றால், அதில் அன்பு தெரிகிறதா என்று தனியாக ஒருமுறை வாசித்துப் பாருங்கள். முழு நூலில் தெரிகிற அன்பு நீங்கள் வெட்டிய ஒன்றரைப் பக்கத்தில் விடுபட்டுப் போயிருக்கலாம். அப்படியானால் தொடக்கத்தை ஒரு பத்தி முன்னால் நகர்த்துங்கள்.

பழைய நூல்களில் சாதிப் பெயரை வைத்தும் உடற்குறையை வைத்தும் கேலி சகஜமாக வரும். அந்தச் சொல்லை மட்டும் நைசாக மாற்றி வாசிப்பது ஏமாற்று வேலை. கதைக்கு அந்தச் சொல் தேவையில்லையென்றால் அந்த வாக்கியத்தை முழுதாக விட்டுவிட்டுப் புள்ளி வையுங்கள். சிரிப்பே அதில்தான் இருக்கிறது என்றால் வேறு பக்கம் தேடுங்கள்.

உறவினர் வருகிறார் என்று முன்பே தெரிந்தால், பகுதியைக் கூட்டம் தொடங்கும் முன் அவரிடம் காட்டிவிடுங்கள். பெரும்பாலானோர் சந்தோஷப்படுவார்கள். சிலர், 'எங்க பாட்டா அப்பிடி இல்ல, நடந்ததே வேற' என்று தொடங்குவார்கள். தடுக்காதீர்கள். வாசிப்பு முடிந்த பின் எல்லோர் முன்னிலும் சொல்லும்படி கேட்டு, சம்மதித்தால் பதிவு செய்து, நூலின் பகுதியோடு கலந்துவிடாமல் தனிக் கோப்பில், தேதியும் சொன்னவர் உறவுமுறையும் குறித்து வையுங்கள். பல நேரம் அந்த மறுப்பு நீங்கள் வாசித்ததைவிட வேடிக்கையாக இருக்கும்.